‘ஆகட்டும்’ என்று சொல்ல நா எழாதபோது

இந்த மாதம் வந்த கடிதங்களில் பல ஒரே வலியைச் சொல்கின்றன. கடவுள் ஒப்படைத்ததாக நம்பும் பொறுப்பு தாய் தகப்பனின் தோளுக்கு மீறியதாகத் தெரிகிறது; மறுக்கவும் மனம் வரவில்லை, ஏற்கவும் முடியவில்லை. அவற்றில் ஆறு கடிதங்களைச் சுருக்கி, எழுதியவர் யார் என்று தெரியாதபடி இங்கே தருகிறோம். இறையியல் ஆசிரியர், குழந்தை மருத்துவர், குடும்ப ஆலோசகர் மூவரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: எங்கள் மகனுக்கு நான்கு மாதம். பிறந்த வாரத்திலேயே டவுன் சின்ட்ரோம் என்று சொல்லிவிட்டார்கள். சபையில் பார்க்கிறவர்கள் எல்லாரும், “விசேஷமான பெற்றோருக்குத்தான் கர்த்தர் விசேஷமான குழந்தையைக் கொடுப்பார், சந்தோஷமாக ஏற்றுக்கொள்” என்கிறார்கள். “எதற்கும் ஒருமுறை பாவ அறிக்கை செய்துவிடு” என்று ஒருவர் சொன்னார். குழந்தையை நேசிக்கிறேன். சந்தோஷம்தான் வரவில்லை, இரவில் அழுகிறேன். என் விசுவாசம் பொய்யா?

பதில்: பாவ அறிக்கைப் பேச்சை இன்றோடு மனத்திலிருந்து எடுத்துப் போடுங்கள். பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள் கேட்டதும் இதே கேள்விதான்: பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா? “இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல” என்று இயேசு இரண்டு வாசலையும் ஒரே வாக்கியத்தில் அடைத்துவிட்டார் (யோவான் 9:3). மருத்துவம் சொல்வதும் இதற்கு மாறானதில்லை. இரண்டாக இருக்க வேண்டிய 21ஆம் குரோமோசோம் மூன்றாக இருப்பதே இந்நிலைக்குக் காரணம் என்று 1959இல் பிரெஞ்சு மருத்துவர் ஜெரோம் லெஜூனும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்டார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு, கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும் நேரத்தில் குரோமோசோம்கள் சரியாகப் பிரியாமல் போவதால் இது நேர்கிறது. கர்ப்ப காலத்தில் நீங்கள் சாப்பிட்டது, தூக்கியது, பயந்தது, ஜெபிக்காமல் விட்டது எதற்கும் இதில் பங்கில்லை.

இனி சந்தோஷம். இயேசுவைப் பெறுவாய் என்று தூதன் சொன்னபோது மரியாள் “உம்முடைய வார்த்தையின்படி எனக்கு ஆகக்கடவது” என்றது லூக்கா 1:38இல். அதற்கு நான்கு வசனம் முன்னால் அவளே “இது எப்படியாகும்?” என்று கேட்டிருக்கிறாள். தூதன் அதைக் குற்றமாக எடுக்கவில்லை. உட்கார்த்தி விளக்குவதுபோல் விளக்குகிறான், துணைக்கு எலிசபெத்தையும் காட்டுகிறான். பிள்ளையைத் தேவாலயத்துக்குத் தூக்கிப் போன நாளிலேயே “உன் ஆத்துமாவையும் ஒரு பட்டயம் உருவிப்போகும்” என்று சிமியோன் அவளிடம் சொன்னார். ஏற்றுக்கொண்டவளுக்கும் பட்டயம் உண்டு. ஏற்றுக்கொள்வதும் மகிழ்வதும் இரு வேறு காரியங்கள். முதலாவது இருக்கும்போது இரண்டாவது மெதுவாகத்தான் வரும், சில நாள் வராது. பத்து மாதம் மனத்தில் வளர்த்த ஒரு பிள்ளையை நீங்கள் இழந்திருக்கிறீர்கள். பெற்ற பிள்ளையை மடியில் வைத்திருக்கிறீர்கள். அழுகை முதல் பிள்ளைக்கானது. அது இந்தக் குழந்தைக்குச் செய்யும் துரோகமாகாது.

ஒன்றை மட்டும் கூர்ந்து பாருங்கள். துக்கம் அலைபோல வரும். நடுவில் குழந்தையின் முகத்தைப் பார்த்து ஒரு கணமாவது மனம் இளகும். அப்படி இளகாமல், இரண்டு வாரத்துக்கு மேல் ஏறக்குறைய எல்லா நாளும் மனம் இருண்டே கிடந்தால், குழந்தை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வராமல் போனால், எதிலும் பற்றில்லாமல் போனால், அது பேறுகாலத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. தாய்ப்பால் கொடுக்கும்போது எடுக்கக்கூடிய மருந்துகளும் உண்டு. உங்களையோ குழந்தையையோ காயப்படுத்தும் எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள், தனியாக இருக்காதீர்கள். ஜெபித்துப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று தள்ளிப்போடுவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு.

மகனுக்கு இப்போது செய்ய வேண்டியவை. டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இதயத்தில் பிறவிக் குறை இருக்கும். ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் கேட்கவில்லை என்பதால் குறை இல்லை என்று சொல்ல முடியாது. எக்கோ என்னும் இதய ஸ்கேன் எடுத்துத்தான் உறுதி செய்ய வேண்டும். பிறந்ததும் எடுக்காமல் விட்டிருந்தால் இந்த வாரமே எடுங்கள். மேலறை கீழறைச் சுவர்கள் சேர்ந்தே திறந்திருக்கும் பெரிய ஓட்டையாக இருந்தால், நுரையீரல் இரத்தக் குழாய்கள் கெட்டுப்போகுமுன் மூடிவிட வேண்டும் என்பதற்காக, பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் அறுவை சிகிச்சை செய்வார்கள். நான்கு மாதம் என்பது அந்தக் கணக்கில் தாமதிக்கும் காலமில்லை. தைராய்டு பரிசோதனை பிறந்தபோதும், 6ஆம் மாதமும், 12ஆம் மாதமும், பிறகு வருடத்துக்கு ஒருமுறையும். கண் மருத்துவரிடம் ஆறு மாதத்துக்குள் ஒருமுறை. காது பரிசோதனை பிறந்தபோது சரியாக இருந்தாலும் ஆறு மாதத்தில் மறுபடியும். நடுக்காதில் நீர் கோத்துக்கொள்வது இந்தக் குழந்தைகளுக்கு அடிக்கடி நேரும், அதைக் கவனிக்காமல் விட்டால் பேச்சு இன்னும் தாமதமாகும்.

தசை தளர்ந்திருப்பதால் பிசியோதெரபி இப்போதே தொடங்கலாம். விழித்திருக்கும்போது, பக்கத்தில் நீங்கள் இருக்க, குப்புறப் போட்டு மூன்று முதல் ஐந்து நிமிடம், நாளுக்குப் பலமுறை. பால் குடிக்கும்போது சீக்கிரம் களைத்துவிட்டால் சிறிது சிறிதாக, அடிக்கடி கொடுங்கள். வியர்த்துக் களைத்தாலோ உதடு நீலமானாலோ இதயத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். எடையை, இக்குழந்தைகளுக்கென்றே இருக்கும் வளர்ச்சி அட்டவணையிலும் வைத்துப் பாருங்கள். பொது அட்டவணையை மட்டும் பார்த்து ஒவ்வொரு மாதமும் தளர்ந்துபோகிற தாய்மார் பலர். நடப்பது பெரும்பாலும் இரண்டு வயதையொட்டி வரும், சிலருக்கு இன்னும் பிந்தும்.

சபையாரிடம் விளக்கம் சொல்லிக் களைக்க வேண்டாம். “நாங்கள் இன்னும் அழுதுகொண்டிருக்கிறோம், எங்களோடு கொஞ்சம் இருங்கள்” என்ற ஒரு வரி போதும். கணவர் அழவில்லை என்றால் அவருக்குத் துக்கமில்லை என்று எண்ணிவிடாதீர்கள். சிலருடைய துக்கம் மருத்துவமனைக் கோப்பை அடுக்கி வைப்பதிலும், இரவெல்லாம் படித்துத் தேடுவதிலும் வெளிப்படும்.

கேள்வி: என் கணவருக்கு நல்ல வேலை. ஆறு வயதிலும் ஒன்பது வயதிலும் இரண்டு பிள்ளைகள். மூன்று நாள் கூட்டம் ஒன்றின் கடைசி இரவில் முழுநேர ஊழியத்துக்கு அழைப்பு பெற்றதாகச் சொல்கிறார். வேலையை விட்டுவிட்டு மிஷனெரியாக வேறிடம் போக வேண்டுமாம். எனக்குச் சமாதானம் இல்லை. “மனைவியையும் பிள்ளைகளையும் விட்டவன் நூறத்தனையாய் அடைவான் என்று வசனமே இருக்கிறது; நீ தடையாக இருக்காதே” என்கிறார். நான் தடையா?

பதில்: அவர் சொல்கிற வசனத்தை அதன் இடத்தில் வைத்துப் பார்ப்போம். மத்தேயு 19:29 என்பது, “எல்லாவற்றையும் விட்டோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும்?” என்று பேதுரு கேட்டதற்கு வந்த பதில். அந்தப் பேதுருவோ பின்னாளில் ஊழியப் பயணங்களில் தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு திரிந்தவர். 1 கொரிந்தியர் 9:5இல் பவுல் அதைப் போகிற போக்கில் சொல்கிறார். கேட்டவரே அந்த வசனத்தை மனைவியைக் கைவிடும் உரிமையாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்னொன்று: உபவாசத்துக்காகவும் ஜெபத்துக்காகவும் சிலகாலம் பிரிந்திருப்பதற்கே இருவரின் சம்மதம் வேண்டும் என்று பவுல் எழுதுகிறார் (1 கொரி. 7:5). சில நாள் ஜெபத்துக்கே சம்மதம் தேவை என்றால், நான்கு பேருடைய வாழ்க்கையை வேரோடு பெயர்த்து நடுவதற்கு வேண்டாமா?

1793ஆம் ஆண்டு நினைவுக்கு வருகிறது. ஆங்கிலேய மிஷனெரி வில்லியம் கேரி இந்தியாவுக்குப் புறப்பட்டபோது மனைவி டாரதி முதலில் வர மறுத்தார். அப்போது அவர் நிறைகர்ப்பிணி. கப்பல் பயணம் தடைப்பட்டதால் கேரி திரும்பி வந்து மறுபடி வற்புறுத்த, பிரசவித்துச் சில வாரங்களே ஆகியிருந்த டாரதி, தங்கை கூட வர வேண்டும் என்ற நிபந்தனையோடு சம்மதித்தார். நவம்பரில் வங்காளம் சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டே ஐந்து வயது மகன் பீட்டர் நோயில் இறந்தான். டாரதியின் மனம் சிதைந்தது. 1807இல் சாகும்வரை அது மீளவில்லை. கேரியின் மொழிபெயர்ப்புப் பணியை நாங்கள் நன்றியோடு நினைக்கிறோம். பக்கத்து அறையில் அந்தப் பெண் பட்ட பாட்டையும் அதே அளவுக்கு நினைக்க வேண்டும் என்று கருதுகிறோம். கேரியின் அழைப்பு மெய்யானதாகவே இருந்திருக்கலாம். மனைவியின் ‘ஆகட்டும்’ பிறக்கும்வரை காத்திருக்கவில்லை என்பதே எங்கள் வருத்தம்.

ஆகவே உங்கள் தயக்கத்தை ‘தடை’ என்று பெயர் சூட்டித் தள்ளக் கூடாது. கடவுள் உங்கள் குடும்பத்தோடு பேசும் வாய்களில் அதுவும் ஒன்றாக இருக்கலாம். அதே நேரம் உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தயக்கத்தைப் பிரித்துப் பாருங்கள். பிள்ளைகளின் படிப்பு, வருமானம், தனிமை, அவருடைய முடிவெடுக்கும் விதத்தில் நம்பிக்கையின்மை — எது எவ்வளவு? ‘சமாதானம் இல்லை’ என்று மொத்தமாகச் சொன்னால் அவரால் பதில் சொல்ல முடியாது. ‘நீ என்னைக் கேட்காமல் கூட்டத்தில் கையைத் தூக்கிவிட்டாய்’ என்று சொன்னால் அவர் அதற்கு மன்னிப்புக் கேட்கலாம். பேச்சு அங்கிருந்து தொடங்கும்.

இனி நடைமுறை. கூட்டத்தின் கடைசி இரவு முடிவெடுக்கும் நேரமில்லை. ஆறு மாதம் ராஜினாமா கடிதம் எழுதுவதில்லை என்று இருவரும் ஒத்துக்கொள்ளுங்கள். அந்த ஆறு மாதமும் விடுமுறை நாட்களில், தாம் செய்யப்போவதாகச் சொல்லும் அதே ஊழியத்தை, அனுபவமுள்ள ஒருவரின் கீழ் அவர் செய்யட்டும்; மேடைப் பேச்சு மட்டும் கணக்கில் சேராது, நோயாளிச் சந்திப்பும் நாற்காலி அடுக்குவதும் கணக்கு எழுதுவதும் சேர்த்து. முடிவில் அந்த மேற்பார்வையாளர் எழுத்தில் மதிப்பீடு தரட்டும். குறைந்தது ஆறு மாத வீட்டுச் செலவு கையில் சேரட்டும், கடன் இருந்தால் அடையட்டும். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று சொன்னது இயேசுதான் (லூக்கா 14:28).

அனுப்பும் அமைப்பிடம் நீங்கள் இருவரும் சேர்ந்து போய்க் கேளுங்கள்: காணிக்கை குறைந்த மாதத்தில் சம்பளம் எங்கிருந்து வரும்? பிள்ளைகள் எங்கே, எந்த மொழியில் படிப்பார்கள்? விடுதியில் விடச் சொல்வீர்களா? மருத்துவக் காப்பீடு நால்வருக்குமா? நடுவில் திரும்ப வேண்டி வந்தால் யார் செலவு? இந்தக் கேள்விகளுக்கு ‘விசுவாசமாயிருங்கள்’ என்பது மட்டுமே பதிலாக வந்தால், அந்த அமைப்போடு போக வேண்டாம்.

முடிவெடுக்க, இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் காட்டிய வழி இன்றும் உதவும். உங்கள் நிலையிலேயே இருக்கும் முன்பின் தெரியாத ஒருவர் வந்து கேட்டால் என்ன ஆலோசனை சொல்வீர்கள்? மரணப் படுக்கையில் இருந்து திரும்பிப் பார்த்தால் எப்படி முடிவெடுத்திருக்க விரும்புவீர்கள்? போனால் வரும் நன்மை தீமை, போகாவிட்டால் வரும் நன்மை தீமை என்று நான்கு பத்தியாக எழுதி, ஒருவர் எழுதியதை மற்றவர் வாசியுங்கள்.

கணவரிடம் யாத்திராகமம் 18ஐ வாசிக்கச் சொல்லுங்கள். மோசே திருப்பி அனுப்பியிருந்த மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் மாமனார் எத்திரோ வனாந்தரத்துக்கே கூட்டிக்கொண்டு வருகிறார். காலை முதல் மாலைவரை மோசே ஜனங்களுக்கு நியாயம் விசாரிப்பதை மறுநாள் பார்த்துவிட்டு, “நீர் செய்கிற காரியம் நல்லதல்ல” என்கிறார். ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று தலைவர்களை வைக்கச் சொல்கிறார். முட்செடியில் நேரடியாக அழைப்புப் பெற்ற மோசே மாமனாரின் சொல்லைக் கேட்டு அப்படியே செய்தார்.

கேள்வி: மகனுக்கு இரண்டு வயதில் மூளைக்காய்ச்சல். “பிழைக்க வைத்தால் உமக்கே ஊழியத்துக்குக் கொடுக்கிறேன்” என்று அன்னாளைப் போலப் பொருத்தனை பண்ணினேன். பிழைத்தான். இப்போது 17 வயது. இன்ஜினீயரிங் படிக்க ஆசைப்படுகிறான். பொருத்தனையை மீறினால் அவனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நடுங்குகிறேன்.

பதில்: தாயே, மகன் சாகக் கிடந்தபோது கையில் இருந்ததையெல்லாம் தூக்கிக் கொடுக்கத் துணிந்த அன்பு அது. ஆனால் ஒருவர் செய்யும் பொருத்தனை, செய்தவரை மட்டுமே கட்டும். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் இதைத் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது (எண் 1193). மற்ற சபைகளின் போதகர்களும் பெரும்பாலும் இப்படியே சொல்வார்கள். மகனின் வாழ்நாள் உங்கள் கையிலிருந்த பொருளில்லை. ஆகவே கொடுக்கவும் முடியாது.

அன்னாளின் கதையையே முழுதாகப் படியுங்கள் (1 சாமுவேல் 1–3). பால் மறந்த சாமுவேலை அவள் சீலோவுக்குக் கொண்டுபோய் விட்டாள். வருஷந்தோறும் ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொண்டுபோனாள். ஆனால் சாமுவேலைத் தீர்க்கதரிசியாக்கியது தாயின் பொருத்தனை இல்லை. மூன்றாம் அதிகாரத்தில் கர்த்தர் அவனையே பேர் சொல்லிக் கூப்பிடுகிறார், அவனே “சொல்லும், அடியேன் கேட்கிறேன்” என்று பதில் சொல்கிறான். தாயின் பொருத்தனை அவனை ஆலயத்தின் வாசல்வரை கொண்டு வந்தது, அவ்வளவே. இன்னொரு பக்கம் யெப்தா இருக்கிறார் (நியாயாதிபதிகள் 11). பொருத்தனை பண்ணிவிட்டோமே என்ற பயத்தில் மகளைப் பலி கொடுத்தவர். கர்த்தர் அதைக் கேட்டதாகவோ ஏற்றதாகவோ அங்கே ஒரு வரியும் இல்லை.

யெப்தாவுக்குத் தெரிந்திருக்க வேண்டிய பகுதி லேவியராகமம் 27. மனிதரைப் பொருத்தனை பண்ணியவர்கள் அவர்களை வெள்ளி கொடுத்து மீட்டுக்கொள்ள அங்கே வழி இருக்கிறது: ஒரு மாதம் முதல் ஐந்து வயதுவரையுள்ள ஆண்பிள்ளைக்கு 5 சேக்கல், ஐந்து முதல் இருபது வயதுவரை 20 சேக்கல். அதையும் செலுத்த முடியாத ஏழைக்கு, அவன் திராணிக்குத் தக்கபடி ஆசாரியன் மதிக்க வேண்டும். அவசரத்தில் வாய் தவறும் பெற்றோர் இருப்பார்கள் என்பது கடவுளுக்கு அன்றே தெரிந்திருந்தது.

எனவே செய்ய வேண்டியது இது. உங்கள் போதகரிடமோ பங்குக் குருவிடமோ தனியாகப் போய் விஷயத்தைச் சொல்லுங்கள். கத்தோலிக்கராக இருந்தால், இத்தகைய தனிப்பட்ட வாக்குறுதியிலிருந்து தக்க காரணத்துக்காக விடுவிக்கப் பங்குக் குருவுக்கே அதிகாரம் உண்டு (எண் 1196). நன்றிக்கு ஏதாவது செய்யத் துடித்தால், உங்களால் ஆவதை நீங்கள் செய்யுங்கள்: நோயுற்ற பிள்ளைகள் இருக்கும் வார்டுக்கு மாதம் இரண்டு முறை போய், கூட இருக்கும் தாய்க்குக் குளித்துவிட்டு வர ஒரு மணி நேரம் விடுதலை கொடுங்கள். மகனிடம் பொருத்தனையைச் சொல்லலாம், ஆனால் கல்லூரி விண்ணப்பம் போட்டு முடித்த பிறகு, “இது என்னுடைய கடன், உன்னுடையது இல்லை” என்ற வார்த்தையோடு சேர்த்து. முன்னாலேயே சொன்னால் அவன் படிப்பைப் பயத்தில் தேர்ந்தெடுப்பான். பயத்தில் ஊழியத்துக்கு வந்தவர்களின் கசப்பு, அவர்களோடு அவர்கள் மேய்க்கும் சபையையும் சுடும்.

கேள்வி: ஒரே மகள், 19 வயது. கன்னியர் மடத்தில் சேரப் போகிறேன் என்கிறாள். நாங்கள் பக்தியுள்ள குடும்பம்தான். ஆனாலும் நெஞ்சு அடைக்கிறது. தடுப்பது பாவமா?

பதில்: நெஞ்சு அடைப்பதில் பாவம் ஒன்றும் இல்லை. அறையில் பூட்டி வைப்பதுதான் தவறு. துறவற சபையில் சேர்ந்த தாமஸ் அக்குவினாசை அவருடைய குடும்பத்தார் 1244இல் பிடித்து ஓராண்டுபோல் அடைத்து வைத்தும் மனத்தை மாற்ற முடியவில்லை.

உங்களுக்கு ஆறுதல் தரக்கூடியது திருச்சபையின் நிதானம். யாரையும் ஒரே நாளில் நிரந்தரமாக எடுத்துக்கொள்வதில்லை. 17 வயது நிறையாதவரை நவசந்நியாசம் என்னும் துறவுப் பயிற்சிக் காலத்தில் சேர்க்க முடியாது. அந்தக் காலம் செல்லுபடியாகக் குறைந்தது 12 மாதம். அதற்கு முன் பயிற்சி நிலைகளும் பெரும்பாலும் உண்டு. பிறகு தற்காலிக வார்த்தைப்பாடு, அதாவது குறித்த காலத்துக்கான துறவு வாக்குறுதி; அது மூன்று ஆண்டுக்குக் குறையக் கூடாது, வழக்கமாக ஆறு ஆண்டுக்கு மேல் போகக் கூடாது, தனிக் காரணம் இருந்தால் மொத்தம் ஒன்பது ஆண்டுவரை நீட்டலாம். நித்திய வார்த்தைப்பாட்டுக்கு 21 வயதாவது நிறைந்திருக்க வேண்டும். ஆக, இன்று கதவைத் தட்டினாலும் பல ஆண்டுகள் அவளும் சோதித்துப் பார்ப்பாள், மடமும் சோதித்துப் பார்க்கும். நவசந்நியாசத்தில் எப்போது வேண்டுமானாலும் வெளியே வரலாம். வற்புறுத்தலாலோ பெரும் அச்சத்தாலோ சேர்ந்தவரின் சேர்க்கை செல்லாது என்றும் சட்டம் சொல்கிறது.

கேட்க வேண்டியதைக் கேளுங்கள். படிப்பை முடித்துவிட்டுச் சேர்வதை அந்த மடம் விரும்புகிறதா? உங்கள் முதுமையில் உதவி தேவைப்பட்டால் அவர்கள் வழக்கம் என்ன? வருடத்துக்கு எத்தனை நாள் வீட்டுக்கு வரலாம்? மகளிடம், “எதைவிட்டு ஓடுகிறாய், எதை நோக்கிப் போகிறாய்?” என்று ஒருமுறை பொறுமையாகக் கேளுங்கள். காதல் தோல்வி, வீட்டுச் சண்டை, தேர்வு பயம் இவை அடியில் இருந்தால் நல்ல பயிற்சித் தலைவியும் அதைக் கண்டுகொள்வார். கடைசியாக ஒரு வார்த்தை: அவள் நடுவில் திரும்பி வந்தால் வீட்டுக் கதவு திறந்திருக்கும் என்று போகும் முன்பே அவளிடம் சொல்லிவிடுங்கள். வெளியே வர வெட்கப்பட்டே உள்ளே தங்கிவிட்டால் அது யாருக்கும் அழைப்பாகாது.

கேள்வி: கடவுள் சொன்னார் என்று உறுதியாக நம்பி ஏழு வயதுப் பையனைத் தத்தெடுத்தோம். இரண்டு வருடம் ஆகிறது. பொய், திருட்டு, சாப்பாட்டை ஒளித்து வைப்பது, எங்கள் ஐந்து வயது மகளை அடிப்பது. மனைவி ஓய்ந்துவிட்டாள். அழைப்பைத் தவறாகக் கேட்டுவிட்டோமா?

பதில்: கடினமாக இருப்பதை வைத்து அழைப்பு தவறு என்று முடிவு கட்ட முடியாது. மனம் வறண்டு இருண்ட நேரத்தில், வெளிச்சமான நேரத்தில் எடுத்த முடிவை மாற்றாதே என்பது இஞ்ஞாசியாரின் ஆன்மப் பயிற்சிகளில் உள்ள விதி. மாற்ற வேண்டாம் என்றுதான் அவர் சொல்கிறார். உதவி கேட்காமல் கிட என்று சொல்லவில்லை.

முதலில் பாதுகாப்பு. மகளையும் அவனையும் ஒரு நிமிடம்கூடத் தனியே விடாதீர்கள்; இரவில் தனித்தனி அறை, கதவு திறந்தால் உங்களுக்குத் தெரியும்படி ஒரு மணி. “அண்ணன் தங்கைக்குள் சகஜம்தான்” என்று சமாதானம் சொல்ல வேண்டாம். மகளுக்கு நாள்தோறும் இருபது நிமிடம், அவன் இல்லாமல், பெற்றோரில் ஒருவர். பயப்படுவதாகச் சொன்னால் திட்டமாட்டோம் என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

சாப்பாட்டை ஒளிப்பது பசியின் நினைவு. வயிறு நிறைந்த பின்னும் உடம்பு பழைய பசியை மறப்பதில்லை. பூட்டுவதும் கண்டுபிடித்துத் திட்டுவதும் அதை வளர்க்கும். அவன் கைக்கெட்டும் இடத்தில், எப்போதும் நிரம்பியிருக்கும், கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்ற ஒரு டப்பாவை வையுங்கள். முதலில் அளவுக்கு மீறிக் காலி செய்வான். நிரப்பிக்கொண்டே இருங்கள், தணிய வாரங்களாகலாம், மாதங்களுமாகலாம். பொய்யும் பெரும்பாலும் பயத்திலிருந்து வருவதுதான். “எடுத்தாயா?” என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வான், ஏனெனில் அவன் முன்பு இருந்த இடத்தில் ஆம் என்றால் அடி விழுந்திருக்கலாம். தெரிந்த விஷயத்தைக் கேள்வியாகக் கேட்காதீர்கள். “பென்சில் உன் பையில் இருக்கிறது, திருப்பி வைத்துவிடலாம் வா” போதும். சிறுவயது அதிர்ச்சியில் பயிற்சி பெற்ற உளவியல் நிபுணரை இந்த மாதமே பாருங்கள். அவனை மட்டும் அனுப்பாமல் நீங்களும் சேர்ந்து. பெற்றோரை விலக்கிவிட்டுப் பிள்ளையை மட்டும் திருத்தும் சிகிச்சை இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் போதாது.

உங்கள் மனைவிக்கு எண்ணாகமம் 11ஐ வாசித்துக் காட்டுங்கள். “இந்த ஜனங்களையெல்லாம் கர்ப்பந்தரித்தேனோ, பால் குடிக்கிற பிள்ளையைப் போல நான்தான் மார்பில் சுமக்க வேண்டுமோ, இதைவிட என்னைக் கொன்றுபோடும்” என்ற பொருளில் மோசே கர்த்தரிடம் கொட்டுகிறார். வளர்ப்புப் பெற்றோரின் ஓய்ந்த குரல் அப்படியே அதில் கேட்கும். கர்த்தர் கோபிக்கவில்லை, தைரியமாயிரு என்று பேசி அனுப்பவும் இல்லை. மூப்பர் எழுபது பேரைக் கூட்டச் சொன்னார். உங்களுக்கு எழுபது வேண்டாம், மூன்று பேர் போதும். மாதம் இரண்டு சனிக்கிழமை, நான்கு மணி நேரம், அவனோடு பழகி அவன் விதிகளைக் கற்றுக்கொள்ளும் ஒரு தம்பதி. நள்ளிரவில் போன் எடுக்கும் ஒரு நண்பர். சபையில் பொதுவாக ‘ஜெபியுங்கள்’ என்று அறிவித்தால் எல்லாரும் ஜெபிப்பார்கள், ஒருவரும் வரமாட்டார்கள். பேர் சொல்லி, நாள் சொல்லி, மணி சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: மகளுக்குப் புற்றுநோய், சிகிச்சை நடக்கிறது. ‘உம்முடைய சித்தம் செய்யப்படுவதாக’ என்ற வரி வரும்போது வாயை மூடிக்கொள்கிறேன். என்ன செய்ய?

பதில்: மூடிக்கொள்ளுங்கள். கெத்செமனேயில் இயேசு அந்த வரிக்கு வருவதற்கு முன், பாத்திரத்தை எடுத்துப்போடும் என்று கேட்டார். ஒருமுறை கேட்டு எழுந்துவிடவில்லை, மூன்று முறை போய் அதையே சொன்னார் (மத்தேயு 26:44). நீங்கள் இன்னும் முதல் பாதியில் இருக்கிறீர்கள். ‘எடுத்துப்போடும்’ என்பதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொல்ல வார்த்தை இல்லாத நாளில் 88ஆம் சங்கீதத்தை வாசியுங்கள்; கடைசி வரிவரை இருட்டாகவே இருந்து இருட்டிலேயே முடியும் ஜெபம் அது. அப்படியே வேதத்தில் வைத்திருக்கிறார்கள், யாரும் ஒரு ஆறுதல் வரியை ஒட்டவில்லை.

சபையில் அந்த வரி வரும்போது பக்கத்தில் நிற்பவர் உங்களுக்காகவும் சேர்த்துச் சொல்லட்டும். அமலேக்கியரோடு யுத்தம் நடந்தபோது மோசேயின் கைகள் அசந்துபோயின. ஆரோனும் ஊர் என்பவரும் அவர் கைகளைத் தாங்கினார்கள். தாங்குவதற்கு முன்னால் ஒரு கல்லைக் கொண்டுவந்து வைத்து அவரை உட்கார வைத்தார்கள் (யாத்திராகமம் 17:12). மகளின் கட்டில் பக்கத்தில் உங்களுக்கு உட்கார நல்ல நாற்காலி இருக்கிறதா, நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று கேட்க இன்றைக்கு ஒருவரையாவது உள்ளே விடுங்கள்.